பஸ் நிலையம் போகும் சாலை

எங்கள் பெண் ஊசி இறந்த சாலை வீட்டுக்கு வரும் வழியில் இல்லை. இதை முதலில் கவனித்தவர் என் கணவர். மருத்துவமனை வராந்தாவில் அவளுடைய நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரோட்டுல அவளுக்கு என்ன வேலை?" என்றார்.

பள்ளி வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பினால் எங்கள் வீடு. அவள் சைக்கிளை வலது பக்கம் திருப்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் பஸ் நிலையத்தைத் தவிர எங்களுக்குத் தெரிந்த இடமோ ஆளோ கிடையாது. வளைவில் பின்னால் வந்த லாரிக்காரனின் கண்ணுக்கு அவள் படவில்லை. அதில் சந்தேகம் எதுவும் இல்லை, பார்த்தவர்கள் இருந்தார்கள். சந்தேகமெல்லாம் அந்தப் பையில்தான் இருந்தது.

அவர் ஜிப்பைத் திறந்தார். மடித்து வைத்த உடுப்புகள், ஒரு துண்டு, ஸ்வெட்டர். அடியில் சோப்புப் பெட்டியும் பல் தேய்க்கும் பிரஷும். பிரஷைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலைல வீட்ல என்ன நடந்தது?"

நான் அவளுக்குச் சித்தி. அவளைப் பெற்றவள் போய்ச் சில வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் வந்தவள். ஊசி என்பது அவள் அப்பா வைத்த பேர். உடம்பும் ஒல்லி, வாயும் கூர்மை என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டும் இல்லை, பெரிய வெட்டும் இல்லை. ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பெண்களுக்கு நடுவில் என்ன இருக்குமோ அது இருந்தது.

அன்று காலை நடந்தது இதுதான். துவைக்கப் போடுவதற்கு முன் அவளுடைய பேண்ட் பாக்கெட்டைத் துழாவினேன். நான் சலவைக்கடையில் வேலை செய்கிறவள். வருகிற உடுப்பையெல்லாம் மேஜையில் விரித்துக் கறை பார்த்து, பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பேனாவோ காகிதமோ இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கை தானாகவே உள்ளே போய்விடும். ஊசி குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்னையும் கஸ்டமர்னு நெனச்சுட்டீங்களா சித்தி? ரசீது எங்க?"

"உள்ள ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இவ்ளோ கோபம்?"

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவ்வளவுதான். இதை அவரிடம் முதல் தடவை ஒரு வரியில் சொன்னேன். மறுநாள் திரும்பக் கேட்டார், கொஞ்சம் விரித்துச் சொன்னேன். வரி கூடக் கூட எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் ஏன் நின்றது என்று தெரியாமல் அந்தக் கட்டடத்தை விட்டுக் கிளம்ப மாட்டார். கத்த மாட்டார், அடிக்க மாட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, காலையில் ஷூ மாட்டும்போது, கை கழுவும்போது கேட்பார்: "வேற எதாவது பேசினீங்களா?" "முந்தின நாள் எதாவது?" அவர் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. உன்னால்தான் என் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பினாளா? அதை மட்டும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது.

"படத்துக்காக எடுத்துட்டுப் போயிருப்பா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"பல் தேய்க்கற பிரஷ் எடுத்துட்டு யாரு படம் எடுக்கப் போவா?"

அதுவும் நியாயம்தான்.

அவள் படித்த பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிப்போன டயர் கிடங்கு ஒன்றின் மாடி அது. படிக்கட்டு ஏறும்போதே ரப்பர் வாடை வரும். மற்ற பள்ளிகளில் ஒட்டாமல் வந்த பிள்ளைகள் அங்கே படித்தார்கள். மணி கிடையாது, பரீட்சை கிடையாது. சேர்ந்து குறும்படம் எடுப்பதுதான் படிப்பு. கதை எழுதும்போது மொழி, காட்சியின் நேரத்தைப் பிரிக்கும்போது கணக்கு, விளக்கைத் தொட்டு ஷாக் அடிக்கும்போது அறிவியல் என்று ஊசி சொல்வாள். நடத்துகிறவள் என்னைவிட வயதில் சின்னவள். சார், டீச்சர் எதுவும் கிடையாது, எல்லோருக்கும் அவள் அக்கா.

அங்கே இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, எந்த வேலையும் யாருக்கும் சொந்தமில்லை. கேமரா பிடிப்பது, நடிப்பது, இடம் பார்த்து வருவது, தேநீர்க் கோப்பை கழுவுவது எல்லாம் முறை வைத்து மாறும். இன்னொன்று, எடுத்ததை வெளியாருக்குக் காட்ட வேண்டுமென்றால் அதில் வருகிற ஒவ்வொருவரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் காட்ட மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, கடையில் மதிய இடைவேளை வாங்கிக்கொண்டு நான் அங்கே போனேன். அன்றைக்கு அவர்கள் எடுத்ததில் ஊசி இருந்தால் பார்க்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் கிளம்பிப் போகிறவளா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. மூலையில் இருந்த ஒரு பெண் லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். கண்ணாடி தடித்த பெண், அவளைச் சோடா என்று கூப்பிட்டார்கள். சோடாபாட்டில் அடிப்பாகம் மாதிரியான அந்தக் கண்ணாடியோடு கேமரா பிடிக்கத்தான் அவளுக்கு ஆசை. பக்கத்தில் உயரமாக, கையைக் கட்டிக்கொண்டு ஒரு பையன். அவன் பேர் பூட்டு. வாயைத் திறக்கவே மாட்டான் என்று ஊசி சொல்லியிருக்கிறாள்.

"வாங்க சித்தி" என்றாள் சோடா.

எனக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கு நான் எப்படிச் சித்தி ஆனேன்? என்னென்ன சொல்லி வைத்திருந்தாள்?

"அன்னைக்கு எடுத்தது எதாவது இருக்கா? அவ இருக்கறது."

"அன்னைக்கு எதுவுமே பதியல சித்தி. கேமரால தப்பாயிடுச்சு" என்றாள் சோடா.

அதே நேரத்தில் பூட்டு சொன்னான்: "அன்னைக்கு ஷூட்டே இல்ல."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் பார்த்துக்கொள்ளாமல் இருக்கத்தான் ரொம்பச் சிரமப்படுவார்கள். அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "டீ குடிக்கறீங்களா?" என்றாள். குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை யாரும் லேப்டாப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தாயா, அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, உன்னைக் காப்பாற்ற மறைக்கிறார்கள் என்று அவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லையென்றால், அவள் சாவில் அவர்களுக்கே ஏதோ பங்கு இருக்கிறது. இரண்டில் ஒன்று. எது என்றாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். ஏதாவது சாக்கு வேண்டுமே. ஜன்னல்களில் வெளிச்சம் வராமல் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணிகளைப் பார்த்து, "இதைத் துவைச்சு எத்தனை நாளாச்சு? குடுங்க, கடைல போட்டுத் தரேன்" என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வாங்கிப் போனேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கும்போது ரொம்ப நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். பூட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவான். என்னோடு ஒரே அறையில் அவனால் உட்கார முடியவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

துவைத்த துணி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் சொல்லாமல் போனேன். பாதிப் படிக்கட்டில் இருக்கும்போது மேலேயிருந்து ஊசியின் குரல் கேட்டது.

"பாக்கெட்ட காட்டுடி. காட்டுன்னா காட்டணும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு என்னுடையது, குரல் அவளுடையது. என்னை மாதிரியே பேசிக்காட்டிக்கொண்டிருந்தாள். அதைத் தொடர்ந்து ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம். எப்படி மீதிப் படியேறினேன் என்று தெரியவில்லை. கதவைத் தள்ளினேன். இந்தத் தடவை லேப்டாப்பை மூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. திரையில் ஊசி அந்த மஞ்சள் சட்டையோடு நின்றாள். அன்று காலை வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போன சட்டை.

"எதுவும் பதியலன்னு சொன்னீங்களே" என்றேன்.

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"பூசணிக்காய இன்னும் எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்பீங்க? அது சிரிக்குது, வாசல் வரைக்கும் கேட்குது."

"பொய் சொல்லல சித்தி" என்றாள் சோடா. "எடுக்க நெனச்சது எதுவும் பதியல. எடுக்க நெனைக்காததுதான் பதிஞ்சிருக்கு."

பிறகு விளக்கினாள். அவர்கள் கேமராவில் ஒரே பொத்தான்தான். ஒரு தடவை அழுத்தினால் பதியும், மறுதடவை அழுத்தினால் நிற்கும். பதியும்போது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அன்று வெளியே நல்ல வெயில், சோடாவின் கண்ணுக்குப் புள்ளி தெரியவில்லை. ஒத்திகையின்போது கை பட்டு அது ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு காட்சி தொடங்கும்போது "ரெடி" சொல்லி அவள் அழுத்த, கேமரா நின்றிருக்கிறது. காட்சி முடிந்ததும் அழுத்த, பதிய ஆரம்பித்திருக்கிறது. நாள் முழுக்க எல்லாம் தலைகீழ். நடித்ததில் ஒரு துளி இல்லை. நடுவில் தண்ணீர் குடித்ததும் தலை வாரியதும் வம்பளந்ததும் முழுசாக இருந்தது.

"எங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடக்கும்" என்றாள் அக்கா. "சாதாரணமா சிரிச்சிட்டு அழிச்சிடுவோம்."

"அப்போ காட்டுங்க."

அக்கா தயங்கினாள். "எங்க சட்டம் உங்களுக்குத் தெரியும். இதுல இருக்கற எல்லாரும் சம்மதிக்கணும்."

"செத்தவ சம்மதத்த யாருகிட்ட வாங்குவீங்க?"

"ஊசி பிரச்சினை இல்ல" என்றாள் அக்கா மெதுவாக. "அவளுக்குப் பதிலா நீங்க சொல்லலாம். வேற ஒருத்தர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

யார் என்று நான் கேட்கவில்லை. பூட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். நானும் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைக்கு நேரமாகியது, உட்கார்ந்தே இருந்தேன். ஒரு பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்தது, அது ஆறிப்போனது. அந்தப் பையன் திரும்பாமலே சொன்னான்:

"போடு, சோடா."

போட்டாள். துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் காட்சி முடிந்த கணத்தில் தொடங்கி, அடுத்த காட்சிக்கு "ரெடி" என்ற சத்தத்தோடு அறுந்தது. கேமரா ஓடுவது யாருக்கும் தெரியாது. சில துண்டில் காலும் தரையும் மட்டும்தான்.

ஒரு துண்டில் ஊசி நீலப் பையைத் தோளில் மாட்டி, தள்ளாடிக் காட்டுகிறாள். "என்னடி உள்ள கல்லா?" என்று ஒரு குரல்.

"நெஜத் துணி. காலிப் பைய தூக்கினா கனம் நடிக்கணும். எனக்கு நடிக்க வராது. பிரஷ் கூட வச்சிருக்கேன், போதுமா?"

"பிரஷ் கேமராவுல தெரியாதே."

"எனக்குத் தெரியும்ல."

வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணின் கதை அது. அன்று நடிக்கும் முறை அவளுடையது. நான் மூச்சை விட்டேன். ஆனால் உடனே இன்னொன்று தோன்றியது: அந்தக் கதையை எழுதும் முறை யாருடையது?

அடுத்த துண்டில் நான் வந்தேன். அவள் ஒரு சட்டையை விரித்து, மூக்கருகில் கொண்டுபோய், ஒரு கண்ணைச் சுருக்கி, பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டாள். நான் ஒரு கண்ணைச் சுருக்குவேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. "பாக்கெட்ட காட்டுடி." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் தொடர்ந்து செய்துகொண்டிருந்தாள். அதில் வெறுப்பு இருக்கிறதா என்று தேடினேன். கறை தேடுவது போலத்தான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பிடிக்காதவர்களையும் அப்படிப் பார்ப்போம், பிடித்தவர்களையும் பார்ப்போம்.

அதற்கடுத்த துண்டில் பூட்டின் குரல். மாலையில் பஸ் நிலையத்தில் வெளிச்சம் எப்போது போகிறது என்று யாராவது பார்த்து வர வேண்டும், மறுநாள் கடைசிக் காட்சி அங்கேதான். இடம் பார்க்கும் முறை பூட்டுடையது.

"கால் வலிக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு ஷூட்டிங், நாளைக்குப் போய் என்னத்த பாப்ப? குடு, உன் முறைய நான் எடுத்துக்கறேன். என் கோப்பை கழுவற முறைய நீ எடுத்துக்கோ. ஒரு வாரம்."

"ரெண்டு நாள்."

"ஒரு வாரம். இல்லன்னா நொண்டிக்கிட்டே போ."

"அக்காகிட்ட சொல்லாத."

முறை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம் போலிருக்கிறது. பூட்டு இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கறுப்புத் துணி தொங்கியது, பார்க்க ஒன்றும் இல்லை.

கடைசித் துண்டு. ஊசி தரையில் உட்கார்ந்து பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுகிறாள். சோடாவின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

"ஏய் ஊசி, நெஜமாவே இப்படிக் கிளம்பிடணும்னு தோணியிருக்கா உனக்கு?"

ஊசி நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. உதடு பிரிந்தது.

"ரெடி" என்றாள் சோடா. திரை கறுத்தது.

"என்ன சொன்னா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல சித்தி. ரெடி சொன்னா எல்லாரும் வாய மூடிடுவோம். உடனே நடிக்க ஆரம்பிச்சா."

"அதுக்கப்புறம்?"

"அந்தக் காட்சியிலயே பேட்டரி போயிடுச்சு. திரும்பக் கேட்க நான் மறந்துட்டேன்."

"வெட்டிட்டீங்களா?"

சோடாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. பதிவை முழுசாகத் திறந்து நேரத்தைக் காட்டினாள், வெட்டு விழுந்தால் எப்படித் தெரியும் என்று காட்டினாள். நான் தலையாட்டினேன். நம்பினேனா என்று கேட்டால், கடைக்கு நடந்து போகும்போது பாதி வழியில் நம்பினேன், மீதியில் நம்பவில்லை.

ஆனாலும் பிரஷுக்குப் பதில் கிடைத்துவிட்டது, சாலைக்கும் கிடைத்துவிட்டது. அவருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். காட்டினால் என்ன ஆகும் என்பது பூட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகள் ஏன் அந்தச் சாலையில் போனாள் என்று தேடுகிற மனிதரிடம் ஒரு ஆளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்த ஆள் நான் இல்லை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"காட்டுங்க" என்றான் பூட்டு. "நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சோடா லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பழுதான ஒன்றின் முன் உட்காருவது போல உட்கார்ந்தார். பிரஷ் வந்தபோது அவர் விரல் மேஜையைத் தட்டுவதை நிறுத்தியது. என்னை மாதிரி அவள் நடித்தபோது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பஸ் நிலையப் பேச்சு வந்தது. போனது. கடைசித் துண்டும் முடிந்தது.

"யாரு, நீயா?" என்றார் பூட்டிடம்.

"ஆமாங்க. என் முறை."

அவன் காலைப் பார்த்தார்.

"கால் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"சரி."

அது குத்தலா, அக்கறையா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. வாசலில் ஷூ லேஸைக் கட்டாமலே அவன் கிளம்பினான். சோடா லேப்டாப்பை எடுக்க வந்தாள். "இருக்கட்டும், நாளைக்குத் தரேன்" என்றார் அவர்.

பிள்ளைகள் போன பிறகு கடைசித் துண்டைத் திரும்பப் போட்டார். உதடு பிரிகிற இடத்தில் நிறுத்தினார். மறுபடி பின்னால் கொண்டுபோனார். நான் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இனி காலையில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டார் என்று நினைத்தேன்.

"என்ன சொல்ல வந்திருப்பா?" என்றார்.

"எல்லாருக்கும் தோணும்னு சொல்லியிருப்பா. யாருக்குத்தான் தோணாது?"

"உனக்குத் தோணியிருக்கா?"

தட்டைக் கீழே வைத்தேன்.

"ம்."

"எப்போ?"

"நீங்க கேள்வி கேட்க ஆரம்பிச்சதிலேர்ந்து."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி வாய் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன ஏன் போகல?"

"அவ என்னாலதான் போனாளான்னு தெரியாம எப்படிப் போறது?"

"இப்போ தெரிஞ்சிடுச்சா?"

"இல்ல" என்றேன். "உங்களுக்கு?"

அவர் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதலிலிருந்து போட்டார்.